விமானத்துக்கு நாடி பார்க்கும் யந்திரம்

உசிலம்பட்டிப் பக்கத்துத் தோட்டங்களில் பொழுது விடியுமுன் பறிக்கிற மல்லிகை மொட்டுக்கு ஒரு பகல்தான் அவகாசம். அந்தி சாய்ந்தால் மலர்ந்துவிடும். மதுரை விமான நிலையத்தில், "யந்திரக் கோளாறு, விமானம் மூன்று மணி தாமதம்" என்று அறிவித்தால், கடல் கடந்து போக வேண்டிய பூக்கூடையின் கதி என்ன? பூவையாவது விடுங்கள். மகளின் பிரசவத்துக்குப் புறப்பட்ட தாயார் நாற்காலியில் உட்கார்ந்து படும் பாடு!

இந்தத் தாமதத்தைக் குறைக்கத்தான் விமானக் கம்பெனிக்காரர்கள் இப்போது செயற்கை அறிவைத் துணைக்கு அழைத்திருக்கிறார்கள்.

ஏதோ மாயாஜாலம் என்று எண்ண வேண்டாம். வீட்டுக் கிரைண்டரின் சத்தம் சற்று மாறினாலே, "பெல்ட் தேய்ந்துவிட்டது, தீபாவளிக்கு முன் மாற்றிவிட வேண்டும்" என்று சொல்லிவிடுகிறீர்கள் அல்லவா? அதே காரியந்தான்! எஞ்சினின் சூடு, எண்ணெயின் அழுத்தம், வால்வு திறக்க எடுக்கும் நேரம் எல்லாவற்றையும் கருவிகள் பறக்கும்போதே குறித்துக்கொள்கின்றன. ஒரே ரக விமானங்கள் பலவற்றின் குறிப்புகளைக் கம்ப்யூட்டர் ஒப்பிட்டுப் பார்த்து, "இந்த வால்வு சீக்கிரம் மக்கர் செய்யும்" என்கிறது. விமானம் எந்த ராத்திரி எந்த ஊரில் சும்மா நிற்கும், மாற்றுச் சாமான் எங்கே இருக்கிறது என்றும் கணக்குப் போட்டுக் கொடுக்கிறது. ஏர்பஸ் கம்பெனி 2017-ல் தொடங்கிய 'ஸ்கைவைஸ்' இந்த வகை. அமெரிக்காவின் டெல்டா கம்பெனியில் பராமரிப்புக் காரணமாக 2010-ல் ரத்தான பயணங்கள் 5,600-க்கும் மேல். 2018-ல் வெறும் 55! எல்லாம் கம்ப்யூட்டரின் புண்ணியம் என்று நான் சொல்லமாட்டேன். மெக்கானிக்குகளின் கைக்கும் அதில் பங்கு உண்டு.

இத்தனை மணி பறந்தால், இத்தனை தடவை இறங்கினால் இன்னின்ன சோதனை என்ற பழைய அட்டவணையும் போய்விடவில்லை. போகவும் கூடாது. ஏனென்றால், கருவியின் கண்ணுக்குத் தப்புகிற நோயும் இருக்கிறது. பிராட் அண்ட் விட்னி எஞ்சின்கள் சிலவற்றில், பாகங்கள் செய்த உலோகத் தூளிலேயே கசடு கலந்திருந்த விஷயம் 2023-ல் அம்பலமாயிற்று. பறக்கும்போது எடுக்கும் அளவுகளில் அகப்படுகிற குறையா அது? எஞ்சினைக் கழற்றித்தான் சோதிக்க வேண்டியிருந்தது. பெரும்பாலும் இந்த எஞ்சின் தொல்லையால், 2024 தொடக்கத்தில் நம் இண்டிகோவின் சுமார் 70 விமானங்கள் தரையில் நின்றன.

யந்திரம் எவ்வளவு யோசனை சொன்னாலும், பழுது பார்த்த விமானம் பறக்க வேண்டுமானால், லைசென்ஸ் பெற்ற எஞ்சினீயர் ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டாக வேண்டும். நம் நாட்டில் அந்த லைசென்ஸை வழங்குவது சிவில் விமானப் போக்குவரத்து டைரக்டர் ஜெனரல் அலுவலகம். நள்ளிரவில் டார்ச் விளக்குடன் விமானச் சக்கரத்தினடியில் குனிந்து பார்க்கும் அந்த எஞ்சினீயர்களில் இப்போது பெண்களும் இருக்கிறார்கள்.