வீயும் கலங்களின் இறப்பும்

அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் எனப் பூவின் பருவங்களைத் தமிழர் வகுத்துப் பெயரிட்டனர். இவற்றுள் வீ என்பது உதிரும் நிலையை அடைந்த பூவாகும். வீதல் என்னும் வினைக்கு இறத்தல் என்பதும் பொருள். காற்று முறித்த கொம்போடு விழும் பூ வேறு. தன் பருவம் நிரம்பித் தானே காம்பினின்று கழலும் பூ வேறு. நம் உடம்பிலுள்ள கலங்களும் இவ்விரு வகையாலும் இறக்கின்றன.

1972ஆம் ஆண்டில் கெர், வைலி, கரி என்னும் அறிஞர் மூவர், தானே கழலும் இவ்விறப்புக்கு ஒரு பெயர் வேண்டி, அபடீன் பல்கலைக்கழகத்துக் கிரேக்கமொழிப் பேராசிரியர் கோமக்கை நாடினர். இதழும் இலையும் உதிர்தலைக் குறிக்கும் 'அப்பொப்ரோசிஸ்' என்ற கிரேக்கச் சொல்லை அவர் எடுத்துக் கொடுத்தார். நம்மை வினவியிருப்பின் வீ என்றே விடையிறுத்திருப்போம்!

கையிலே தீப் பட்டால் அவ்விடத்துக் கலங்கள் வீங்கி வெடிக்கின்றன. உள்ளிருப்பது வெளியே கசிய, அயலெல்லாம் சிவந்து நோகின்றது. இது முறிந்த கொம்பின் பூவைப் போன்றது. தானே இறக்கும் கலமோ சுருங்கித் தன்னைச் சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டிக்கொள்கின்றது. அயற்கலங்கள் அவற்றை விழுங்கிவிடுகின்றன. நோவில்லை, சீழில்லை. நாள்தோறும் பல்லாயிரங்கோடிக் கலங்கள் நம்முள் இவ்வாறு மறைந்தும் நாம் அறிகின்றிலோம். தாய் வயிற்றில் வளரும் சிசுவின் கை முதலில் துடுப்புப் போலவே இருக்கும். விரல்களுக்கிடையே உள்ள கலங்கள் இறந்தொழிந்த பின்னரே ஐந்து விரலும் பிரியும். எழுத்தாணி பிடித்த கையும் ஏர் பிடித்த கையும் அவ்விறப்பினாலாயவை.

இறக்கும் கட்டளை கலத்தினுள்ளேயே எழுதப்பட்டுள்ளது என்பதை ஒரு மில்லிமீற்றர் நீளமுள்ள புழுவொன்று காட்டிற்று. அதன் உடலில் உண்டாகும் 1,090 கலங்களுள் சரியாக 131 இறக்க, 959 எஞ்சும். இவ்வாராய்ச்சிக்காகப் பிறெனர், ஹோர்விற்ஸ், சல்ஸ்ரன் ஆகியோர் 2002இல் நோபெல் பரிசு பெற்றனர்.

இறப்பு மிகின் மூளைக் கலங்கள் குன்றி நினைவு தேய்கின்றது. இறக்கவேண்டியது இறக்க மறுப்பின் விளைவது புற்றுநோய். பழுதுற்ற கலத்தைக் கண்டு அதனை இறக்கச் செய்யும் காவலனாகப் பீ 53 என்னும் புரதம் நம்முள் இருக்கின்றது. வாய்ப்புற்றுநோயிற் பெரும்பாலும் இக்காவலனே பழுதுற்றுக் கிடக்கின்றான். புகையிலை சேராத வெற்றிலைபாக்கும் புற்றுநோய் விளைப்பதென உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட நூலில் முடிவு கூறியது. நம்மவர் பலர் பழியைப் புகையிலைமேற் போட்டுப் பாக்கைத் தப்பவிடுவர். விருந்தினர்முன் வெற்றிலைத் தட்டம் வைப்பதை யான் குறைகூறேன்; நாள் முழுதும் அதனைக் கடைவாயில் அடக்கியிருத்தலையே கூறுகின்றேன்.

இனி, நம் வேலியோரத்துப் பட்டிப்பூவைப் பாருங்கள். நித்தியகல்யாணி எனப்படுவதும் இதுவே. மடகாஸ்கரிலிருந்து பரவிய செடி. நீரிழிவுக்கு மருந்தாகுமோவென்று 1950களில் கனடாவில் இதன் இலையை ஆராய்ந்தோர், இரத்தத்தின் வெண்கலங்கள் குறைவதைக் கண்டனர். இச்செடியினின்று பெறும் வின்கிறிஸ்ரீன், கலம் இரண்டாகப் பிரியும்போது நிறமூர்த்தங்களை இருபுறமும் இழுக்கும் நுண்ணிழைகள் உருவாகாதவாறு தடுக்கின்றது. பிரியவியலாது நின்ற கலம் மறந்த கட்டளையை நினைந்தாற்போலத் தானே மடிகின்றது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் இது கொடுக்கப்படுகின்றது. இதற்காக இலையை அவித்துக் குடிக்க எவரும் முற்படலாகாது. செடி நஞ்சுடையது, அளவறிந்து கொடுப்பவர் மருத்துவரே.

2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நாட்டின் நெடுக்கே பலர் நடந்து பொருள் திரட்டியதன் பயனாய்த் தெல்லிப்பழையிற் புற்றுநோய் மருத்துவமனை எழுந்து 2013இல் திறக்கப்பட்டது. வாயில் வெண்படலமோ, இரண்டு மூன்று கிழமையாகியும் ஆறாத புண்ணோ கண்டவர், நோவில்லையே என்று வாளாவிராது மருத்துவரிடம் காட்டல் வேண்டும். இந்நோய் தொடக்கத்திற் பெரும்பாலும் நோவதில்லை.