ஃபைல் பெயர் மாறினால் படம் எங்கே போகும்?



கம்ப்யூட்டரில் ஒரு ஃபைலின் பெயரை மாற்றுவது ரொம்ப சுலபம். வலது கிளிக், ரீநேம், புதுப் பெயர், எண்டர். அவ்வளவுதான்! ஆனால் அந்தப் பழைய பெயரை நம்பி இன்னொரு ஃபைல் காத்திருந்தால்? அதன் கதி என்ன? அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம்ம ஊர் முகவரி

நம் மகாராஜபுரம் இருந்த இடத்தை விட்டு ஓரடி கூட நகரவில்லை. ஆனால் அதன் மாவட்டப் பெயர் இரண்டு தடவை மாறிவிட்டது. முதலில் இராமநாதபுரம் மாவட்டம். 1985-ல் பிரித்தபோது காமராஜர் மாவட்டம். 1997-ல் விருதுநகர் மாவட்டம். பழைய பத்திரத்தில் ஒரு பெயர், புதுச் சான்றிதழில் ஒரு பெயர். விவரம் தெரியாதவர் பார்த்தால் இரண்டும் வேற வேற ஊர் என்றே நினைப்பார்.

ஆனால் பின்கோடைப் பாருங்கள். 1972-ல் வந்த இந்த ஆறு இலக்க எண்ணில் மாவட்டப் பெயரே கிடையாது. நம் பக்கத்து எண்கள் 626 என்று தொடங்கும். பெயர் எத்தனை தடவை மாறினாலும் எண்ணை மாற்ற வேண்டிய அவசியம் இல்லை. அதே மாதிரிதான் சென்னை சென்ட்ரலும். 1996-ல் மெட்ராஸ் சென்னை ஆனது. 2019-ல் அந்த ஸ்டேஷனுக்கு எம்.ஜி.ஆர். பெயர் வைத்தார்கள். ஆனால் ரயில்வே குறியீடு இன்னும் 'எம்.ஏ.எஸ்.' தான்!

இதிலிருந்து தெரிவது: பெயரை நம்பினால் பெயர் மாறும்போது வழி தவறும். மாறாத எண்ணை நம்பினால் தவறாது.

ஒட்டுவதும் இணைப்பதும்

ஒரு ஃபைலுக்குள் படம் வைக்க இரண்டு வழி உண்டு. வேர்டில் படத்தைச் சேர்த்தால் சாதாரணமாக அது ஃபைலுக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். வெளியே இருக்கும் படத்தை அழித்தாலும் ஒண்ணும் ஆகாது. இது ஒட்டுதல்.

இன்னொன்று இணைத்தல், அதாவது லிங்க். படம் உள்ளே வராது. "இந்த டிரைவில், இந்த ஃபோல்டரில், இந்தப் பெயரில் இருக்கு" என்ற முகவரி மட்டும்தான் உள்ளே இருக்கும்.

நம் மாவட்டத்து சிவகாசியில் காலண்டரும் டைரியும் அச்சடிப்பது எல்லோருக்கும் தெரியும். அங்கே டிசைன் வேலை பார்க்கும் எங்க பெரியப்பா மகன் அண்ணன் இதை எனக்கு விளக்கினார். இன்டிசைன் மாதிரி சாஃப்ட்வேரில் படங்கள் லிங்க்காகத்தான் இருக்கும். திரையில் தெரிவது வெறும் மாதிரிப் படம். அசல் படத்தின் பெயரையோ இடத்தையோ யாராவது மாற்றிவிட்டால், லிங்க் பட்டியலில் சிவப்புக் குறி வரும். அதைக் கவனிக்காமல் அச்சுக்கு அனுப்பினால் மங்கலான மாதிரிப் படமே அச்சாகிவிடும். "ஒரு ஃபைல் பேரு மாறினதுக்கு ஆயிரக்கணக்கான தாள் வீணாப் போகும்டா" என்றார். அதனால் 'பேக்கேஜ்' என்ற கட்டளை கொடுத்து டிசைன், படங்கள், எழுத்துருக்கள் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் சேர்த்துத்தான் அச்சகத்துக்குக் கொடுப்பார்களாம்.

முழு முகவரியும் பக்கத்து வீடும்

முகவரியிலும் இரண்டு வகை. "டி டிரைவ், ஆண்டுவிழா, படங்கள், கோலம்" என்று முதலிலிருந்து சொல்வது முழு முகவரி. நடுவில் ஒரு ஃபோல்டர் பெயர் மாறினாலும் போச்சு! வேறு கம்ப்யூட்டரில் டி டிரைவே இல்லாமலும் இருக்கலாம்.

"என் பக்கத்தில் உள்ள படங்கள் ஃபோல்டரில் கோலம்" என்பது சார்பு முகவரி. பக்கத்து வீடு என்று சொல்வது போல. தெருவையே அப்படியே தூக்கி வேறு ஊரில் வைத்தாலும் பக்கத்து வீடு பக்கத்து வீடுதானே! வலைப்பக்கம் தயாரிப்பவர்கள் இந்த வகையைத்தான் அதிகம் பயன்படுத்துகிறார்கள்.

பாதுகாப்பாக மாற்றுவது எப்படி?

1. வேலை தொடங்கும்போதே ஒரு ஃபோல்டர் போட்டு எல்லாவற்றையும் அதில் வையுங்கள். இடம் மாற்றினால் முழு ஃபோல்டரையும் மாற்றுங்கள். ஒற்றை ஃபைலை மட்டும் உருவாதீர்கள்.

2. 'கட்' வேண்டாம், 'காப்பி' போதும். புது இடத்தில் திறந்து பார்த்து, எல்லாம் சரி என்றால் மட்டும் பழையதை அழியுங்கள். பென் டிரைவில் கொண்டு போனால் வேறு கம்ப்யூட்டரில் ஒரு தடவை திறந்து பாருங்கள்.

3. பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின் வரும் எழுத்துகளைத் தொடாதீர்கள். அதை வைத்துத்தான் அது படமா பாட்டா என்று விண்டோஸ் முடிவு செய்யும்.

4. ஆங்கிலப் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கவனம். விண்டோஸ் இரண்டையும் சாதாரணமாக ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். லினக்ஸுக்கு இரண்டும் வேறு வேறு.

5. எக்ஸெலில் ஒரு ஃபைல் இன்னொன்றிலிருந்து மதிப்பெண் எடுக்கிறதா? இரண்டையும் திறந்து வைத்துக்கொண்டு 'சேவ் ஆஸ்' மூலம் புதுப் பெயர் கொடுங்கள். லிங்க் தானாகவே புதுப் பெயருக்கு மாறும். பிறகு இரண்டையும் சேமியுங்கள்.

6. பழைய பெயர், புதுப் பெயர், தேதி மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

இது ஏன் முக்கியம்?

எங்கள் வகுப்பில் ஊர்ப் பெரியவர்களின் பேச்சைப் பதிவு செய்து வருகிறோம். கண்மாய், பழைய விவசாயம், திருவிழா என்று பல விஷயம் சொல்கிறார்கள். ஒலிப்பதிவு ஒரு ஃபைல். பேசியவர் யார், எந்தத் தெரு, என்ன தேதி என்பது வேறொரு அட்டவணை. இரண்டையும் சேர்ப்பது ஃபைல் பெயர் மட்டும்தான். "தாத்தா பேச்சு புதுசு" என்று யாராவது அழகாகப் பெயர் மாற்றினால் குரல் இருக்கும், யாருடைய குரல் என்பது இருக்காது. பத்து வருஷம் கழித்து அவரிடம் போய்க் கேட்கவும் முடியாமல் போகலாம். அதனால் 001, 002 என்று எண்தான் கொடுத்திருக்கிறோம். தலைப்பு, குறிப்பு எல்லாம் அட்டவணையில் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாறட்டும். எண் மாறாது.

லேப் பீரியடில் நீங்களே செய்து பாருங்கள். நோட்பேடில் ஒரு சின்ன வலைப்பக்கம் எழுதி, பக்கத்தில் ஒரு படம் வைத்து, படத்தின் பெயரை மாற்றிப் பாருங்கள். படம் இருந்த இடத்தில் காலிக் கட்டம் வரும். பழைய பெயரைத் திரும்பக் கொடுத்து, பக்கத்தை மறுபடி திறந்தால் படமும் வந்துவிடும்!



— ஒன்பதாம் வகுப்பு மாணவன்