பேச்சுக் கருவிக்குப் பூட்டு எதற்கு?

வாயால் பேச முடியாத ஒருவருக்குக் கருவி வாங்கும்போது குடும்பங்கள் திகைத்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. பேசுவதற்கென்றே செய்த கருவியா, சாதாரணக் கம்ப்யூட்டரோ டேப்லெட்டோ போதுமா? அமெரிக்காவில் இதற்கான விடையைப் பல ஆண்டுகள் காப்பீட்டு விதியே எழுதி வைத்திருந்தது.

2001-இல் அந்நாட்டு அரசின் மெடிகேர் காப்பீடு, பேச்சுக் கருவிகளுக்குப் பணம் தர முன்வந்தது. பெரிய விஷயம்தான். ஆனால் கருவி பேச்சுக்கு மட்டுமே பயன்பட வேண்டும் என்றது விதி. நோயில்லாதவருக்கும் உதவும் பொருள் மருத்துவச் சாதனம் ஆகாது என்பது அதன் வாதம். அதனால் கம்பெனிகள் விண்டோஸ் கம்ப்யூட்டரிலேயே ஈமெயிலையும் இன்டர்நெட்டையும் பூட்டிவிட்டு, பல ஆயிரம் டாலருக்கு விற்றன. 2009-இல் ஐபோனுக்கு ப்ரோலோகுவோ2கோ என்ற பேச்சு ஆப் ஏறத்தாழ 150 டாலருக்கு வந்தது. ஆனால் அந்த ஐபோனுக்கு மெடிகேர் பணம் தரவில்லை.

ஏ.எல்.எஸ். நோயில் கையும் நாக்கும் ஒவ்வொன்றாக அடங்கிப்போகும் ஒருவர், வெளியூரில் இருக்கும் மகளுடன் எப்படிப் பேசுவார்? அவருக்கு ஈமெயிலும் பேச்சுதான். அதே நோயிருந்த இயற்பியல் அறிஞர் ஸ்டீஃபன் ஹாக்கிங் 1985-இல் குரலை இழந்த பிறகு, கம்ப்யூட்டரில் ஓடிய ஈக்வலைசர் மென்பொருளைக் கொண்டுதான் பேசினார். எழுதவும் அதுவே உதவியது. இத்தனையும் கண்முன்னே இருந்தும் விதி மாற 2015 ஜூலை ஆனது. ஈமெயில், குறுஞ்செய்தி, போன் வசதியுள்ள கருவிகளும் அதன் பிறகே ஏற்கப்பட்டன. ஏ.எல்.எஸ். பாதித்த முன்னாள் அமெரிக்கக் கால்பந்து வீரர் ஸ்டீவ் கிளீசன் பெயரிலான சட்டமும் அதே மாதம் வந்து, மாத வாடகையாக மட்டும் பணம் தரும் மெடிகேர் முறையிலிருந்து இக்கருவிகளை விடுவித்தது.

அதற்காகத் தனிக் கருவியே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். சந்தை இரைச்சலிலும் கேட்கும் ஒலிபெருக்கி, கீழே விழுந்தாலும் தாங்கும் உடல், வீல்சேரில் பொருத்தும் தாங்கி, பழுதானால் கூப்பிட ஒரே எண் எல்லாம் அதில் சேர்ந்தே வரும். கண் அசைவால் மட்டுமே எழுத முடிகிறவருக்கு இவை சாதாரண வசதிகள் அல்ல. டேப்லெட்டில் ஒவ்வொன்றையும் நாமே தேடிச் சேர்க்க வேண்டும். கை நடுங்கும் பிள்ளை பேச்சு ஆப்பில் பக்கத்துக் கட்டத்துப் படத்தைத் தவறி அழுத்தாமலிருக்க, திரைமேல் துளையிட்ட பிளாஸ்டிக் பலகையைப் பொருத்துவார்கள். அந்தத் துளையும் ஆப்பின் கட்டமும் கோடு பிசகாமல் பொருந்த வேண்டும்.

இன்னொரு தொல்லையும் டேப்லெட்டில் உண்டு. தம்பி கேம் விளையாட அதை எடுத்துப் போனால் அக்காவின் குரலே போய்விடுகிறது. அது அவளுக்கு மட்டும் என்று வீட்டில் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். பிள்ளை யூடியூபுக்கு ஓடுகிறதென்றால் ஐபேடின் ‘கைடட் ஆக்சஸ்’ வசதியால் பேச்சு ஆப்பை மட்டும் திறந்து வைக்கலாம். இதுவும் பூட்டுதான். ஆனால் சாவி வீட்டாரிடம் இருக்கிறது. பிள்ளை வளர வளரத் திறந்துவிடலாம்.

சென்னையில் அஜித் நாராயணன் குழு உருவாக்கிய ‘ஆவாஸ்’ முதலில் தனிப் பேச்சுக் கருவியாகத்தான் வந்தது. பிறகு டேப்லெட் ஆப் ஆனது. கையிலிருக்கும் டேப்லெட்டிலேயே பேச்சைத் தொடங்க முடிவது நம் குடும்பங்களுக்குப் பெரிய உதவி.

எதை வாங்கினாலும் ஸ்பீச் தெரபிஸ்டுடன் உட்கார்ந்து, பேசப்போகிறவர் கையில் கொடுத்துச் சில வாரம் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பாட்டி பெயர், பிடித்த பலகாரம், பள்ளித் தோழர்கள் என்று ஆண்டுக்கணக்கில் சேரும் சொற்பக்கங்களை வேறொரு இடத்திலும் சேமிக்க முடிகிறதா, அடுத்த கருவிக்கு மாற்ற முடிகிறதா என்பதையும் பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.