அழுதுகொண்டே மட்டையைப் பிடித்த ஐ-ச்சான்

ஜப்பானியர்களுக்கு ஐ ஃபுகுஹாரா முதலில் அறிமுகமானது சாம்பியனாக அல்ல, அழுமூஞ்சிக் குழந்தையாகத்தான். 1988இல் செண்டாய் நகரில் பிறந்தவர். நாலு வயது நிறைவதற்குள்ளேயே அம்மா கையில் மட்டையைக் கொடுத்துவிட்டார். அம்மாதான் பயிற்சியாளரும். மேசைக்கு மேலே தலை மட்டும் தெரியும் அந்தக் குழந்தை, பாயிண்ட் போனால் 'ஓ'வென்று அழும். அழுதுகொண்டே அடுத்த பந்தையும் அடிக்கும். டிவிக்காரர்கள் விடுவார்களா? 'அழுமூஞ்சி ஐ-ச்சான்' என்று நாடே செல்லமாகக் கூப்பிட ஆரம்பித்தது.

அந்தக் காட்சிகளை இப்போது பார்த்தாலும் எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது. சனிக்கிழமை காலையில் பிள்ளையை அரைத்தூக்கத்தில் எழுப்பி நீச்சலுக்கோ வயலினுக்கோ கூட்டிட்டுப் போகிற நமக்கு, "இது பிள்ளையோட ஆசையா, நம்மோட ஆசையா?" என்ற கேள்வி புதுசில்லையே.

10 வயதில் தொழில்முறை வீராங்கனை. 15 வயதில் ஏதென்ஸ் ஒலிம்பிக். இப்படிச் சொன்னால் எல்லாம் மளமளவென்று நடந்த மாதிரி இருக்கும். ஆனால், ஜப்பானின் தேசிய ஒற்றையர் பட்டம் அவர் கைக்கு வந்தது 2012 ஜனவரியில், 23 வயதில்! குழந்தையிலிருந்தே நாடு முழுக்கப் பெயர் தெரிந்த ஒருத்தி, "இன்னும் ஜெயிக்கலையா?" என்ற பார்வைகளுக்கு நடுவே அத்தனை வருஷம் விளையாடியிருக்கிறார். எனக்கு அவருடைய பதக்கங்களைவிட இந்தக் காத்திருப்புதான் பெரிசாகப் படுகிறது. அதே வருஷம் லண்டன் ஒலிம்பிக்கில் கசுமி இஷிகாவா, சயாகா ஹிரானோ இருவரோடும் சேர்ந்து அணிப் பிரிவில் வெள்ளி வாங்கினார். டேபிள் டென்னிஸில் ஜப்பானுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது.

2016 ரியோவில் ஒற்றையர் வெண்கலம் கைநழுவி நாலாவது இடம். அணிப் பிரிவு அரையிறுதியில் ஜெர்மனிக்கு எதிரான கடைசி ஆட்டத்தில் தோற்றதும் இவர்தான். பிறகு வெண்கலப் போட்டியில் சிங்கப்பூரை ஜப்பான் வென்றது. அந்த அணியின் கடைக்குட்டி மிமா இட்டோவுக்கு அப்போது 15 வயது. ஏதென்ஸில் ஐ-ச்சானுக்கு இருந்த அதே வயது.

நம்ம வீடுகளில் பேச வேண்டியது இன்னொன்று இருக்கிறது: அவருடைய சீன மொழி. டேபிள் டென்னிஸில் மேலே வரவேண்டுமென்றால் சீனர்களோடு ஆடித்தான் ஆகணும். சின்ன வயதிலிருந்தே சீனப் பயிற்சியாளர்களிடம் கற்றார். 2005இல் சீனாவின் வடகிழக்கில் உள்ள லியாவ்னிங் மாகாண அணிக்காக அங்குள்ள லீக்கிலேயே ஆடினார். கூட ஆடுகிறவர்களோடு சாப்பிட்டு, சிரித்து, சண்டை போட்டு வந்த மொழி அது. அதனால் அவர் பேசினால் பாடப்புத்தக வாசனை வராது, அச்சு அசல் வடகிழக்கு வட்டார வாடைதான் வரும். ஒரு வெளிநாட்டுக்காரர் திடீரென்று நெல்லைத் தமிழிலோ யாழ்ப்பாணத் தமிழிலோ வாயைத் திறந்தால் நமக்கு எப்படி இருக்கும்? சீனர்களுக்கும் அப்படித்தான். பேட்டிகளில் அவர் பேசுவதைக் கேட்டுச் சிரித்துச் சிரித்தே அவரைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாக்கிக்கொண்டார்கள். 'பீங்கான் பொம்மை' என்று ஒரு பட்டப்பெயரும் வைத்தார்கள்.

ஜப்பானுக்கும் சீனாவுக்கும் இடையே பழைய போர்க் காயங்கள் இன்னும் ஆறாதவை. அப்படியிருக்க, 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் தொடக்க விழாவில் ஜப்பான் கொடியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தது இந்த 19 வயதுப் பெண்தான்.