சத்தம் மகனுக்கு, செலவு அம்மாவுக்கு!

சங்கரன்கோவிலில் தறி ஓடும் தெருக்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சத்தம் புதிதல்ல. விசைத்தறி ஓசைதான் அங்கே பிள்ளைகளுக்குத் தாலாட்டு. இப்போதோ அந்த ஓசையையும் அமுக்கிக் கொண்டு 'பட பட பட'வென்று ஒரு சத்தம் தெருவையே அதிர வைத்துவிட்டுப் போகிறது. ஆடித்தபசு சமயத்தில் ரத வீதிப் பக்கம் கேட்கவே வேண்டாம்! தூங்கும் குழந்தை திடுக்கிட்டு அழுகிறது. திண்ணையில் இருக்கும் பெரியவர் நெஞ்சைப் பிடித்துக் கொள்கிறார்.

"எந்த வீட்டுப் பிள்ளைடி இது?" என்று நாம் எட்டிப் பார்ப்போம். ஒரு நாள் அது நம் வீட்டுப் பிள்ளையாகவே இருந்துவிட்டால்?

எங்கள் பக்கத்துத் தெரு மயினிக்கு அப்படித்தான் ஆயிற்று. அண்ணனுக்குத் தறி வேலை. மயினி வீட்டிலிருந்தபடியே நூல் சுற்றிக் கொடுப்பவர். மகனுக்கு ராஜபாளையத்தில் வேலை கிடைத்தது. போய் வர பைக் வேண்டும் என்றான். அப்போது அவனிடம் சம்பளச் சீட்டு இல்லாததால் கடனும் மயினி பெயரில், ஆர்.சி. புத்தகமும் மயினி பெயரில். எட்டு மாதம் தவணை ஒழுங்காகப் போயிற்று.

அதன் பிறகு பையன் 'டியூனிங்' செய்கிறேன் என்று கிளம்பினான். சீட்டுப் பணம் 22,000 ரூபாயை எடுத்துக் கொண்டு போய் சைலன்சரை மாற்றினான், ஏர் ஃபில்டரை மாற்றினான், வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டரிலும் ஏதோ கை வைத்தார்கள். இரண்டு மாதம் அமர்க்களமாக ஓடியது. மூன்றாம் மாதம் நடுரோட்டில் என்ஜின் பிடித்துக் கொண்டு நின்றுவிட்டது. சர்வீஸ் நிலையத்தில் சீட்டைக் கழற்றிப் பார்த்தார்கள். "வாரண்டி கிடையாதும்மா, 18,000 ஆகும்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

"பாத்தியாளா, கம்மலு போன கதைய!" என்று மயினி என்னிடம் சொல்லி ஆற்றாமைப்பட்டார். "வாங்கும்போது அஞ்சு வருசம் வாரண்டி, ஒத்தப் பைசா செலவு இல்லன்னாக. இப்ப வெளிய கை வச்சிட்டீக, எங்களுக்குச் சம்பந்தமில்லங்காக. எம் மவன் கை வச்சது சைலன்சர்ல. போனது என்ஜினு. இதுக்கும் அதுக்கும் என்னளா சம்பந்தம்?"

நியாயமான கேள்விதான். ஆனால் சம்பந்தம் இருக்கிறது, சகோதரிகளே!

மூக்கும் வாயும்

நம் கேஸ் அடுப்பையே எடுத்துக் கொள்ளுங்கள். காற்றும் வாயுவும் சரியான அளவில் கலந்தால்தான் நீலச் சுடர். அளவு தவறினால் சுடர் மஞ்சளாகும், பாத்திரம் கரி பிடிக்கும். பைக் என்ஜினும் அப்படித்தான். ஏர் ஃபில்டர் அதற்கு மூக்கு. சைலன்சர் அது மூச்சை வெளியே விடும் வழி. எவ்வளவு காற்று வரும், எவ்வளவு பெட்ரோல் விட வேண்டும் என்று கம்பெனியில் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

ஃபில்டரையும் சைலன்சரையும் மாற்றினால் காற்று அதிகமாகப் போகிறது. பெட்ரோலோ பழைய அளவிலேயே வருகிறது. வண்டியின் கம்ப்யூட்டர் ஓரளவுக்குச் சமாளிக்கும். அதற்கு மேல் அதனால் முடியாது. பெட்ரோல் போதாமல் எரியும்போது என்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகும். சூட்டில் பிஸ்டன் விரிந்து சிலிண்டரின் உட்சுவரை உராய்ந்து கீறும். மயினி வீட்டு வண்டி மாதிரி நடுரோட்டில் 'பிடித்துக் கொள்வது' இப்படித்தான்.

சரி, கம்ப்யூட்டரையும் மாற்றிப் பெட்ரோலைக் கூட்டிவிட்டால்? அப்போது மைலேஜ் இறங்கும். கிளட்ச், செயின், பிரேக் எல்லாம் பழைய சக்திக்குத் தகுந்தபடி செய்தவை. தறியில் புல்லியை மட்டும் மாற்றி வேகத்தைக் கூட்டினால் நூல் அறுவதில்லையா? அதே கதைதான். வேகம் கூடும், ஆனால் பிரேக்கின் பலம் கூடாது. அம்மாக்கள் இந்த ஒரு வரியை மனசில் வைத்துக் கொள்ள வேண்டும்.

இன்னொரு வேடிக்கை. சாதாரண 150 சிசி வண்டியில் சைலன்சரை மட்டும் மாற்றினால் சத்தம் கூடுகிற அளவுக்கு இழுவை கூடுவதில்லை. காதுக்கு வேகம், சக்கரத்துக்கு அல்ல!

வாரண்டியில் பொடி எழுத்து

பிரஷர் குக்கர் வாங்கும்போது கியாரண்டி அட்டை தருகிறார்களே, அதில் 'எங்கள் கம்பெனி காஸ்கெட், சேஃப்டி வால்வு மட்டுமே உபயோகிக்கவும்' என்று இருக்கும். மலிவாகக் கிடைக்கிறதென்று வேறு வால்வைப் போட்டு குக்கர் கெட்டால் கம்பெனி பொறுப்பேற்காது. பைக் வாரண்டியும் இதே ஜாதிதான். பொதுவாக அதில் இருக்கும் நிபந்தனைகள்:

• இத்தனை வருஷம் அல்லது இத்தனை கிலோமீட்டர், எது முந்துகிறதோ அதுவரைதான்.

• சர்வீஸ்களைக் குறித்த காலத்தில், அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் செய்திருக்க வேண்டும்.

• பிரேக் ஷூ, கிளட்ச் பிளேட், பல்பு, டயர் போன்ற தேய்கிற சாமான்கள் பெரும்பாலும் சேராது.

• வண்டியில் மாற்றம் செய்திருந்தாலோ, பந்தயத்துக்கு ஓட்டியிருந்தாலோ வாரண்டி இல்லை.

கடைசி வரிதான் மயினி வீட்டுக் கம்மலைக் கொண்டு போனது. "பழைய சைலன்சரைத் திரும்ப மாட்டிக் கொண்டு போனால் தெரியவா போகுது?" என்று பையன்கள் சொல்வார்கள். வெட்டி ஒட்டின வயர் காட்டிக் கொடுக்கும். கம்ப்யூட்டரைச் சோதனைக் கருவியில் செருகினாலும் தெரிந்து போக வாய்ப்புண்டு.

அதற்காக, ஒரு மாற்றம் செய்துவிட்டால் எல்லா உரிமையும் போச்சு என்று தலையில் கை வைக்க வேண்டாம். அமெரிக்காவில் 1975-லேயே ஒரு சட்டம் கொண்டு வந்தார்கள். வெளிப் பொருள் போட்டிருக்கிறீர்கள் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை மறுக்க முடியாது, அந்தப் பொருளால்தான் பழுது வந்தது என்று கம்பெனி காட்ட வேண்டும். நம் நாட்டில் இதற்கென்று தனிச் சட்டம் இல்லாவிட்டாலும், நுகர்வோர் ஆணையத்தில் கேள்வி கேட்கலாம். சைலன்சர் மாற்றிய வண்டியில் கிலோமீட்டர் காட்டும் மீட்டர் கெட்டால், "இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்ற மயினியின் கேள்வி அங்கே நன்றாகவே பொருந்தும். என்ஜின் விஷயத்தில்தான் பொருந்தாது.

மாதாமாதம் ஒரு கசிவு

பழுது பார்க்கும் செலவு ஒரு தடவை. பெட்ரோல் செலவு தினப்படி. ஒரு கணக்குப் பார்ப்போம். ராஜபாளையம் போய் வர தினம் சுமார் 60 கிலோமீட்டர், மாதம் 25 நாள் என்றால் 1,500 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கொடுத்த வண்டி டியூனிங்குக்குப் பிறகு 35 கொடுக்கிறது என்று வைத்துக் கொள்வோம். முன்பு 33 லிட்டர் போதும். இப்போது 43 லிட்டர் வேண்டும். பெட்ரோல் 100 ரூபாய் என்று முழுசாக வைத்தால் மாதம் சுமார் 950 ரூபாய், வருஷத்துக்கு 11,000-க்கு மேல்! ஒரு சின்னச் சீட்டே கட்டிவிடலாம்.

ஆர்.சி.யில் யார் பெயர்?

இதுதான் நம்மில் பலர் யோசிக்காத இடம். பையனுக்கு வண்டி, ஆனால் கடனும் பதிவும் அம்மா பெயரில் என்பது எத்தனையோ வீடுகளில் உண்டு.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் கம்பெனி குறிப்பிட்ட விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றபடி மாற்றுவது போன்றவற்றுக்கு உரிய அனுமதியுடன் வழி உண்டு. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதையே உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, விதியை மீறி வண்டியில் மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 'உரிமையாளர்' என்ற சொல்லைக் கவனித்தீர்களா? கேட்டு வரும் காகிதத்தில் மயினியின் பெயர்தான் இருக்கும்.

சத்தத்துக்கும் வரம்பு உண்டு. புது வண்டிகள் 80 சிசிக்கு மேல் 175 சிசி வரை 77 டெசிபல், அதற்கு மேல் 80 டெசிபல் என்ற அளவுக்குள் இருக்க வேண்டும். சத்தம், புகை விதிகளை மீறி ஓட்டினால் 10,000 ரூபாய் வரை அபராதம், லைசென்ஸும் 3 மாதம் நிறுத்தம் என்று சட்டம் சொல்கிறது. 18 வயது ஆகாத பிள்ளை ஓட்டிக் குற்றத்தில் மாட்டினாலோ, பெற்றோருக்கு அல்லது வண்டி உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் வரலாம்.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்பீர்கள். கம்பெனிக்குச் சொல்லாமல் செய்த மாற்றம், நம் வண்டிச் சேதத்துக்கான பணத்தைக் குறைக்கவோ மறுக்கவோ காரணமாகலாம்.

சேலைக்கு ஒரு காவல்

மயினி மகன் அழகுக்காகக் கழற்றி எறிந்த இன்னொரு சாமான், பின் சக்கரத்தின் பக்கம் இருக்கும் சேலைத் தடுப்பு. "அது இருந்தா வண்டி கெழட்டு வண்டி மாதிரி இருக்கும்மா" என்றானாம். பின்னால் உட்காருபவரின் துணி சக்கரத்தில் சிக்காமல் இருக்க, சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பும், கைப்பிடியும், கால் வைக்கும் இடமும் கட்டாயம் என்று 1989-ம் வருஷ மோட்டார் வாகன விதிகளில் 123-வது விதி சொல்கிறது. நமக்காகவே எழுதின விதி! முந்தானையோ தாவணியோ சக்கரத்தில் சுற்றினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

அப்பாக்களுக்கும் ஒரு வார்த்தை

சில வீடுகளில் அப்பாக்களே பிள்ளைக்கு வக்கீல். "நாங்க ஆர்.எக்ஸ். 100-ல செய்யாததையா இவன் செஞ்சிட்டான்?" என்பார்கள். 1985-ல் வந்து 1996-ல் நின்றுபோன அந்த 98 சிசி யமஹாவுக்கு இன்றும் மவுசுதான். ஆனால் அது கார்புரேட்டர் வண்டி. திருகாணியால் திருத்தலாம், தப்பினால் திரும்பத் திருகலாம். 2020 ஏப்ரல் முதல் விற்கும் பி.எஸ். 6 வண்டிகளின் அமைப்பே வேறு. சைலன்சருக்குள் புகையைச் சுத்தம் செய்யும் கருவி, காற்றை அளக்கும் சென்சார், கணக்குப் போடும் கம்ப்யூட்டர் எல்லாம் ஒன்றோடொன்று பின்னியிருக்கின்றன. ஒரு இழையை இழுத்தால் சேலை முழுதும் சுருங்கும்.

பிள்ளைக்கு நிஜமாகவே வேகத்தில் ஆசை என்றால் அதற்கும் இடம் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் பந்தயத் தளம் நடக்கிறது. கோவையில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. பெண்களுக்கென்றே பைக் பந்தயம்கூட நடந்திருக்கிறது. அங்கே தோல் உடுப்பு, ஹெல்மெட், ஆம்புலன்ஸ் எல்லாம் உண்டு. எதிரே பால்காரரும் பள்ளிக் குழந்தையும் வர மாட்டார்கள்.

நாம் செய்ய வேண்டியது

1. வண்டி வாங்கிய அன்றே வாரண்டிப் பக்கத்தைப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.

2. சர்வீஸ் ரசீது ஒவ்வொன்றையும் ரேஷன் கார்டு போலப் பத்திரப்படுத்துங்கள்.

3. ஏற்கெனவே மாற்றியிருந்தால் பழைய சைலன்சரையும் ஃபில்டரையும் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். திரும்ப மாட்ட உதவும்.

4. வாரண்டி மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாய்ச் சொல் போதாது.

5. காரணம் பொருந்தவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குப் புகார்க் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும்.

6. திட்டாதீர்கள். கணக்கைக் காட்டுங்கள். வயசுப் பிள்ளைக்கு அதட்டலைவிட ஐநூறு ரூபாய்க் கணக்கு சீக்கிரம் புரியும்.

மயினி அப்படித்தான் செய்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டை எடுத்து 22,000, 18,000, அடகு வட்டி, பெட்ரோல் என்று வரிசையாக எழுதி மகன் முன்னால் வைத்தார். ஆர்.சி. புத்தகத்தையும் பக்கத்தில் வைத்து, "இதுல யாரு பேரு இருக்கு, படி" என்றார். பையன் வெகுநேரம் பேசவில்லையாம். அடுத்த வாரம் பழைய சைலன்சர் ஏறிவிட்டது. சேலைத் தடுப்பும் வந்துவிட்டது.

போன வெள்ளிக்கிழமை மயினி அந்த வண்டியின் பின்னால் உட்கார்ந்து கோமதி அம்மன் சந்நிதிக்குப் போவதைப் பார்த்தேன். வண்டி வந்த சத்தமே எனக்குக் கேட்கவில்லை. காதில் கம்மல் மட்டும் இன்னும் திரும்பவில்லை. "தை பொறக்கட்டும், மீட்டிருவேன்னு சொல்லியிருக்கான்" என்றார்.

மீட்டுவிடுவான். மாதம் 950 ரூபாய் இப்போது மிச்சமாகிறதே!