இறங்கும்போது கியரும் பிரேக்தான்

பட்டறை வைத்திருக்கும் என் பள்ளித் தோழனிடம் ஒரு வீம்பு உண்டு. அடுத்தவன் ஓட்டும் வண்டியில் பின்னால் உட்காரமாட்டான். "நாள் பூரா ஊரார் வண்டியைக் கழட்டிப் பாக்கறவன்டா நானு, நம்பி எப்படி உக்கார்றது?" என்பான். அதனால் எங்கே போனாலும் எங்களுக்கு இரண்டு வண்டி, இரண்டு பெட்ரோல் செலவு. போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொல்லிமலைக்குப் போனதும் அப்படித்தான். பேளுக்குறிச்சியில் டீ குடித்துவிட்டு, வெயில் ஏறுமுன் அடிவாரத்துக் காரவள்ளியைப் பிடித்துவிட்டோம்.

அங்கிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு எண் போட்ட பலகை. நேராகப் பாதை போட்டால் அந்தச் செங்குத்தில் எந்த வண்டியும் ஏறாது. அதனால் சரிவின் குறுக்கே கொஞ்ச தூரம் இழுத்து, மடக்கி, மறுபடி எதிர்ப்பக்கம் இழுத்து, கொசுவம் மடிப்பதுபோல் ஏற்றியிருக்கிறார்கள். இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு எல்லாவற்றையும் துளைத்தான் என்கிறது புறநானூறு. அம்புக்கு நேர்கோடு போதும். எங்களுக்குத்தான் 70 திருப்பம்.

ஏறும்போது எனக்கு இடுப்பொடித்தவை இடப்பக்க வளைவுகள். நாம் இடது ஓரமாகப் போகிறவர்கள் என்பதால் அங்கே உள்வட்டம் நமக்கு வந்து சேரும். பாதை சட்டென்று குறுகி, சுவர்போல நிமிரும். வளைவுக்குள் நுழைந்தபிறகு கியரைக் குறைக்கலாம் என்று இருந்தால் வண்டி திணறி நின்றுவிடும். நின்றால் கால் ஊன்றக்கூடச் சமதரை கிடையாது. மூன்றாவது வளைவில் எனக்கு அதுதான் நடந்தது. நுழையுமுன்பே முதல் கியர், கண் பள்ளத்தில் இல்லாமல் பாதை போய் முடியும் இடத்தில். தோழன் சொல்லித் தந்தது அவ்வளவே. பார்க்கும் பக்கம்தான் வண்டி போகும் என்பது நிஜம். பள்ளத்தையே பார்த்தவனுக்குத் தெரியும்.

பாதி வழியில் எதிரே பஸ். மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்கே முன்னுரிமை என்று விதி இருக்கிறது. ஆனாலும் தோழன் வளைவுக்கு முன்பே ஓரங்கட்டிவிட்டான். பஸ் திரும்ப முழுச் சாலையும் வேண்டும். "சட்டம் நம்ம பக்கம், எடை அவன் பக்கம்டா" என்றான்.

மேலே செம்மேட்டில் சாப்பாடு. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி சுற்றியிருந்தது, வீட்டு வாசல்களில் மிளகு காய்ந்தது. அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டோம். ஆகாயகங்கை அருவிக்கு ஆயிரத்துக்கு மேல் படி என்றதும் என் முழங்கால் மறுத்துவிட்டது.

மூன்று மணிக்கு இறக்கம். சிக்கனக்காரன் நான், இறக்கத்தில் எதற்கு பெட்ரோல் என்று கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு, பின் பிரேக்கில் காலை வைத்தபடியே உருட்டிக்கொண்டு வந்தேன். பலகைகளில் எண் குறைந்துகொண்டே வந்தது. நாற்பது சொச்சத்தில் கருகல் நாற்றம். அடுத்த வளைவில் காலை அமுக்கினால் பிரேக் அடிவரை போகிறது, வண்டி நிற்கவில்லை. முன் பிரேக்கை மெல்லப் பிடித்து மலைச்சுவர் ஓரமாக ஒதுங்கினேன். கை நடுங்கியது.

தண்ணீர் பாட்டிலைத் திறந்தவனைத் தோழன் தடுத்தான். "ஊத்தாதடா, கொதிக்கிற டிரம்மு விரிசல் விட்டுரும். தானா ஆறட்டும்." ஆறும்வரை பாடம் நடந்தது. வண்டியை நிறுத்தும்போது அதன் வேகம் முழுக்கச் சூடாக மாறி பிரேக் கட்டையில் இறங்குகிறது. ஊருக்குள் அடுத்த சிக்னல் வருவதற்குள் அது ஆறிவிடும். மலையில் அந்த இடைவெளி இல்லை. அளவு மீறிச் சூடேறினால் கட்டை பிடிக்காது. டிஸ்க் பிரேக்காக இருந்தால் ஆயில் கொதித்துக் குமிழி விட்டு, லீவர் கையோடு வந்துவிடும். கிளட்ச்சை விட்டு இரண்டாவது கியரில் இறங்கினால், உருளும் சக்கரம் எஞ்சினைச் சுற்றவேண்டியிருக்கும். எஞ்சின் சும்மா சுற்றுமா? இழுத்துப் பிடிக்கும். பிரேக்குக்கு மிஞ்சுவது பாதி வேலைதான்.

"பெட்ரோல் மிச்சம்னியே, எவ்வளவு மிச்சம்?" என்று கேட்டான். பதில் சொல்லவில்லை.

மீதி வளைவுகளை இரண்டாவது கியரில், சில இடங்களில் முதல் கியரில், எஞ்சின் உறுமிக்கொண்டே வர இறங்கினோம். பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட்டதோடு சரி. திங்கட்கிழமை பட்டறையில் பின் சக்கரத்தைக் கழற்றிக் காட்டினான். பிரேக் கட்டை இரண்டும் கண்ணாடிபோல் வழவழவென்று இருந்தன. புதுக் கட்டை மாட்டிவிட்டு, பழையதைத் தாளில் சுற்றி என் கையிலேயே கொடுத்தான்.