ஒரு முகம்... ஒரு சொல்... ஒரு வழக்கு!

சிவப்பு, நீலம், வெளிர் மஞ்சள் வண்ணங்களில் அண்ணாந்து பார்க்கும் ஒபாமா. கீழே ‘ஹோப்’ என்ற ஒற்றைச் சொல். 2008 அமெரிக்கத் தேர்தலின் அடையாளமாகிவிட்ட இந்த போஸ்டரை வடிவமைத்தவர் தெருவோவியர் ஷெப்பர்ட் ஃபேரி. காகிதங்களை ஒட்டி, ஸ்டென்சில் வைத்து, அக்ரிலிக் பூசி கொலாஜாகவும் அதைச் செய்தார். வாஷிங்டனின் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரி 2009-ல் அதைத் தன் சேகரிப்பில் சேர்த்தது.

சிக்கலும் அதே ஆண்டில் வந்தது. அந்த முகம், ஏ.பி. செய்தி நிறுவனத்துக்காக மேனி கார்சியா 2006-ல் எடுத்த புகைப்படம். போஸ்டரில் அவர் பெயர் இல்லை. வழக்கு நடந்தபோது, எந்தப் படத்தைப் பயன்படுத்தினார் என்பதை மறைக்க ஆதாரங்களை அழித்ததை ஃபேரி ஒப்புக்கொண்டார். 2011-ல் சமரசம் ஆனாலும், 2012-ல் 25,000 டாலர் அபராதம் விழுந்தது.

கொலாஜ் செய்ய ஆசையா? கத்தரியை எடுக்கும் முன், ‘இது யார் எடுத்த படம்?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள்!